அட்டவணையில் எழுதும் கை: நூலகம், வகைப்பாடு, வாசகர்

டூயி தசமப் பகுப்பைப் பின்பற்றும் எந்த நூலகத்துக்குள்ளும் போய் ஒரு தமிழ் நாவலை உருவி அதன் முதுகைப் பாருங்கள். 894.811 என்று தொடங்கும் எண் ஒட்டியிருக்கும். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இந்த எண் மனப்பாடம். ரேக்கைத் தேடிப் போக அது போதும். அது ஏன் அந்த எண் என்று எந்த வகுப்பிலும் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 800 என்றால் இலக்கியம். 810 அமெரிக்க இலக்கியம், 820 ஆங்கிலம், 830 ஜெர்மன், 840 பிரெஞ்சு, 850 இத்தாலியம், 860 ஸ்பானிஷ், 870 லத்தீன், 880 கிரேக்கம். எட்டுப் பத்துகள் ஐரோப்பாவுக்கும் அதன் வாரிசுக்குமே தீர்ந்துபோயின. மிச்சமிருக்கும் 890க்குள்தான் பாக்கி உலகம் முழுவதும் நெருக்கியடித்து உட்கார வேண்டும். அங்கேயும் சமஸ்கிருதத்துக்கும் இந்திக்கும் இந்தோ-ஐரோப்பிய உறவுமுறையில் 891இல் இடம் கிடைத்துவிட்டது. தமிழ் 894இல் இருக்கிறது. துருக்கியும் மங்கோலியமும் ஹங்கேரியமும் பின்னிஷும் அதே அறையில். துருக்கியரோடு ஒரே அறையில் இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யார் சொல்லி இந்த அறை ஒதுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

ஒதுக்கியவர் மெல்வில் டூயி. மாசசூசெட்ஸில் உள்ள ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே அக்கல்லூரி நூலகத்தில் உதவியாளர் வேலை பார்த்தவர். 1876இல் 44 பக்கச் சிறு வெளியீடாக, ஆசிரியர் பெயர்கூட இல்லாமல், இந்தத் திட்டம் அச்சேறியது. உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் நூலக வகைப்பாடு ஒரு கல்லூரி நூலகத்தில், ஏறக்குறைய ஒரு மாணவரின் கையால் எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கல்லூரிக்கு எது மையமோ அதுவே அறிவின் மையமாயிற்று. மதத்துக்கான 200இல் 220 முதல் 280 வரை கிறிஸ்தவம். புத்தரும் நபியும் நம் ஊர் சாமிகளும் 290இல். டூயி நடத்திய லேக் பிளாசிட் கிளப்பில் யூதர்களுக்கு அனுமதி இல்லை. அதை எதிர்த்து 1905இலேயே மனுக் கொடுத்தார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை எடுக்க 2019 ஆகிவிட்டது.

ஒரு மாணவர் எழுதியது. அதற்குப் பிறகு மாணவர் எவரும் கை வைக்க முடியாததாயிற்று. 2005 வாக்கில் வாசகரும் திரும்ப எழுதக்கூடிய இணையத் தொழில்நுட்பங்கள் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்குள் வந்தபோது நூற்றுமுப்பது வருடம் மூடியிருந்த கதவு திறந்துவிட்டதாகப் பேசப்பட்டது. நம் ஊர்க் கருத்தரங்குகளிலும் அந்தப் பேச்சு உண்டு. வேகம், வசதி, நேர மிச்சம் என்ற மொழியில்தான் பேசுவார்கள். எனக்கு அந்த மொழியில் அக்கறை இல்லை. அட்டவணையில் எழுதும் கை யாருடையது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அந்த வரலாற்றைப் படிக்க விரும்புகிறேன்.

*

இணையத்துக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் இருந்தார்கள். வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், கறுப்பினத்தவரின் நூல்கள் அடங்கிய தொகுப்பின் பொறுப்பை 1930இல் டோரதி போர்ட்டர் ஏற்றார். டூயி பகுப்பில் 325 குடியேற்றம், 326 அடிமைமுறை. வெள்ளையர் நடத்திய நூலகங்களில் கறுப்பர் எழுதிய எதையும் தூக்கி 325இல் போடுவது வழக்கமாயிருந்தது. எழுதியது கவிதையாக இருந்தாலும் சரி, குடியேற்றம்தான். கறுப்பர் கவிதை எழுத முடியும் என்பதற்கு அந்த அட்டவணையில் எண் கிடையாது. போர்ட்டர் கவிதையைக் கவிதைக்கும், வரலாற்றை வரலாற்றுக்கும் மாற்றி அடுக்கினார். 1973இல் ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தார். கூட்டம் போட்டுப் பேசவில்லை, அறிக்கை விடவில்லை. எண்ணை அழித்து எண்ணை எழுதினார். அரசியல் செயல்பாடு என்று நாம் வரையறுத்து வைத்திருப்பவற்றில் இதற்கு இடமுண்டா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சான்ஃபோர்டு பெர்மன் கதை வேறு மாதிரி. ஜாம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தபோது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் ‘காஃபிர்’ என்றொரு சொல் இருப்பதையும், ஆப்பிரிக்கர்களுக்கு அது எவ்வளவு கேவலமான வசை என்பதையும் அறிந்தார். தலைப்புச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து விசாரிக்கும் நூலை 1971இல் வெளியிட்டார். பிறகு மின்னசோட்டாவில் ஹென்னப்பின் மாவட்ட நூலகத்தின் தலைமை அட்டவணையாளராக இருந்தபடி, வாஷிங்டன் மாற்றாத சொற்களைத் தன் நூலகத்தில் தானே மாற்றினார். கடிதம் மேல் கடிதமாக வாஷிங்டனுக்கும் எழுதிக்கொண்டிருந்தார்.

இது தூரதேசச் சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘தீண்டத்தகாதோர்’ என்பதும் அதே காங்கிரஸ் நூலகத்தின் தலைப்பாக இருந்ததுதான். பின்னாளில்தான் ‘தலித்துகள்’ ஆயிற்று. பழைய அட்டவணைப் பதிவுகளில் முந்தைய சொல்லை இன்றும் பார்க்கலாம். அம்பேத்கர் நூல் ஒன்றைத் தேடிப் போகும் மாணவர், நூலைத் திறப்பதற்கு முன்பே, தான் யார் என்று அட்டவணை சொல்லும் சொல்லைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. வாசலில் பெயர் கேட்பது மாதிரி.

போர்ட்டரும் பெர்மனும் நூலகப் பணியாளர்கள். அட்டவணையின் சாவி அவர்கள் கையில் இருந்தது. வாசகர் கையில் என்ன இருந்தது? பென்சில். நூலகப் புத்தகத்தின் ஓரத்தில் ‘பொய்’, ‘ஆகா’, ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்று எழுதி வைத்த முகம் தெரியாத வாசகர்கள் எத்தனை பேர்! அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில் பதில் சண்டை வேறு. புத்தகத்தைக் கெடுத்ததற்கு அபராதம் என்று போர்டு வைத்திருப்பார்கள். நூலகத்தில் வாசகர் எழுதியதெல்லாம் குற்றமாகவே பதிவாகியிருக்கிறது.

*

நமக்கு நேரடிச் சம்பந்தமுள்ள ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனில் படிக்கப் போன இடத்தில், செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்கிற பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளைத் திருகி மாட்டினால் ஒரு நேரம் பாலம், ஒரு நேரம் கிரேன். நூலின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்ற யோசனை, 1933இல் கோலன் பகுப்பாக வெளிவந்தது. அதற்கு முன் 1931இல் ஐந்து விதிகள். நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதியை, பூட்டிய அலமாரியையே நூலகம் என்று நம்பிக்கொண்டிருந்த ஊரில் எழுதினார் என்பதை மறக்கக் கூடாது. வாசகரை ரேக்கு வரை உள்ளே விடும் திறந்த முறைக்காகவும் வாதாடினார். (நம்முடைய அரசுப் பள்ளிகள் பலவற்றில் இன்றும் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் நிற்கும் பூட்டிய பீரோ. முதல் விதியே இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.)

கோலன் பகுப்பில் மொழிகளின் வரிசை வேறு: 1 இந்தோ-ஐரோப்பியம், 2 செமிட்டிக், 3 திராவிடம், 31 தமிழ். தமிழ் இலக்கியம் ஓ31. டூயி எச்சமாக ஒதுக்கியதை ரங்கநாதன் மூன்றாம் எண்ணாக நிமிர்த்தி வைத்தார். சரி, மதத்துக்கு வருவோம். முதலில் வேத மதம், இரண்டாவது வேதத்துக்குப் பிந்தைய இந்து மதம், பிறகு ஜைனம், பௌத்தம், யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம். ஆம்ஹெர்ஸ்ட் இருந்த இடத்தில் இப்போது வேதம். அவர் மையத்தை இடம் மாற்றினார். ஆனால் மையம் என்ற ஒன்று இருந்தாக வேண்டும் என்பதை அவரும் கேள்வி கேட்கவில்லை. ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்’ என்ற இரண்டாவது விதியிலும் வாசகர் பெறுபவர்தான், அன்போடு கவனிக்கப்படுபவர்தான். பேசுபவர் அல்ல.

ரங்கநாதனின் யோசனை சுற்றி வளைத்துக் கணிப்பொறிக்குள் வந்தது தனிக்கதை. 2006 ஜனவரியில் அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழக நூலகம், தேடல் முடிவுகளை மொழி, காலம், இடம், வடிவம் என்று பல முகங்களாகப் பிரித்துக் காட்டும் அட்டவணையைத் திறந்தது. இன்று துணி வாங்கும் இணையக் கடையில் அளவு, நிறம், விலை என்று இடது ஓரத்தில் வரும் பெட்டிகளும் அதே முகப்பகுப்புத் தர்க்கத்தில் இயங்குபவைதான். சேலை தேடும்போது யாரும் சீர்காழிக்காரரை நினைப்பதில்லை.

*

‘இணையம் 2.0’ என்ற பெயர் 2004இல் ஓரெய்லியின் மாநாட்டோடு பரவியது. அடுத்த வருடம் ஜார்ஜியா மாநிலத்து நூலகர் மைக்கேல் கேசி ‘நூலகம் 2.0’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அதே 2005இல் லைப்ரரிதிங் தொடங்கியது. தனிமனிதர்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களைத் தாங்களே அட்டவணைப்படுத்தி, தாங்கள் விரும்பும் குறிச்சொல்லை இடலாம். கல்லூரிகளில் முன்னால் போனது பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அங்கே மாணவர் நூலக அட்டவணையின் பதிவு ஒன்றுக்குத் தன் சொந்தச் சொல்லைக் குறியாகப் போட முடிந்தது. வல்லுநர் கொடுத்த பொருள் தலைப்புக்குக் கீழே, ஒரு மாணவர் கொடுத்த சொல். வரலாற்றில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நடந்தது என்ன? ஒரு கல்லூரி நூலகத்தில் குறிச்சொல் போடுகிறவர்கள் ஒரு கைப்பிடி. அவர்களிலும் பலர் ‘பரீட்சைக்கு’, ‘படிக்கணும்’ என்று தங்களுக்காகவே எழுதுவார்கள். லட்சக்கணக்கானோர் சேர்ந்தால்தான் இத்தகைய சொற்களிலிருந்து ஒரு பொதுமொழி உருவாகும். லைப்ரரிதிங்குக்கு அந்தக் கூட்டம் இருந்தது, தனித்தனிக் கல்லூரிக்கு இல்லை. இது எல்லோரும் சொல்லும் காரணம். சரியான காரணமும்கூட. எனக்கு இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. வாசகருக்குக் கொடுக்கப்பட்ட பெட்டி பதிவின் அடியில் இருந்தது. மேலே இருக்கும் தலைப்பை அது தொடாது. கீழே என்ன வேண்டுமானாலும் சொல், மேலே கை வைக்காதே. கலெக்டர் ஆபீஸ் வாசலில் தொங்கும் புகார்ப் பெட்டியின் இலக்கணமும் இதுதான்.

பள்ளி நூலகங்களில் அந்தப் பெட்டிகூடச் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. 2000இல் வந்த சட்டம் ஒன்று, அரசின் இணையச் சலுகை பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டி போட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2003இல் அதை ஏற்றது. 2006 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இன்னொரு மசோதாவை 410க்கு 15 என்ற வாக்கில் நிறைவேற்றியது. சலுகை பெறும் பள்ளிகளிலும் நூலகங்களிலும், சிறுவர்கள் பிறரோடு உரையாடும் வகைத் தளங்களையே தடுக்கச் சொன்ன மசோதா. செனட்டில் அது நிறைவேறாமல் போயிற்று. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் பேச்சு. வீட்டில் கணிப்பொறி உள்ள பிள்ளை எப்படியும் பேசும், பள்ளி நூலகத்தை விட்டால் வேறு கதியில்லாத ஏழைப் பிள்ளையின் வாய்தான் அடைபடும் என்று அன்றைக்கே நூலகர்கள் எதிர்த்தார்கள்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதை நம் உற்சாகிகள் பேசுவதே இல்லை. பேச வேண்டுமென்றால் பெயர் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். நூலகத்தின் பழைய அறம் மறதி. புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவர் பெயரை அழித்துவிடுவது. 2001இல் பேட்ரியாட் சட்டம் வந்தபின் அமெரிக்க நூலகர்கள் இந்த மறதியைக் கொள்கையாகவே கடைப்பிடித்தார்கள். 2005இல் கனெக்டிகட் மாநில நூலகக் கூட்டமைப்பு ஒன்றிடம், குறிப்பிட்ட நேரத்தில் ஒரு நூலகக் கணிப்பொறியைப் பயன்படுத்தியவர் யார் என்று எஃப்.பி.ஐ. கடிதம் கொடுத்துக் கேட்டது. கடிதம் வந்ததை வெளியே சொல்லவும் தடை. நான்கு நூலகர்கள் வழக்குப் போட்டார்கள். 2006இல் எஃப்.பி.ஐ. பின்வாங்கியது. வீட்டில் என்ன புத்தகம் இருந்தது என்பதே குற்றப்பத்திரிகையில் ஏறும் நாட்டில் இருந்துகொண்டு, வாசகரின் ஒவ்வொரு குறிப்பையும் பெயரோடும் தேதியோடும் சேமிக்கும் இயந்திரத்தை ஜனநாயகம் என்று மட்டும் கொண்டாட என்னால் முடியாது. ஓரத்தில் எழுதிய பென்சிலுக்குப் பெயர் இல்லை. அதுதான் அதன் பலம்.

*

அப்படியானால் மேலே இருக்கும் தலைப்பை வாசகர் தொட்டதே இல்லையா? தொட்டிருக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மவுத் கல்லூரியில், குடியேறிகள் பற்றி ஆய்வு செய்த மாணவர்கள், நூல்களுக்கெல்லாம் ‘சட்டவிரோத அந்நியர்’ என்ற தலைப்பு இருப்பதைக் கண்டார்கள். ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். நூலகர்களோடு சேர்ந்து 2014இல் காங்கிரஸ் நூலகத்துக்கு மனு அனுப்பினார்கள். மறுப்பு வந்தது. விடவில்லை. 2016 மார்ச்சில் சொல்லை மாற்றுவதாகக் காங்கிரஸ் நூலகம் அறிவித்தது. உடனே குடியரசுக் கட்சியினர் நாடாளுமன்றத்தில் இறங்கினார்கள். ஒரு அட்டவணைச் சொல்லை மாற்றாமல் வைத்திருக்க மசோதா! மாற்றம் நின்றுபோயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பல கல்லூரி நூலகங்கள் வாஷிங்டனுக்குக் காத்திராமல் தங்கள் திரையில் மட்டும் வேறு சொல் தெரியும்படி செய்துகொண்டன. பெர்மனின் பழைய வழி, புதிய மென்பொருளில். கடைசியில் 2021 நவம்பரில் ‘குடியுரிமையற்றோர்’ என்றும் ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என்றும் பிரித்து மாற்றினார்கள். ‘சட்டவிரோதம்’ இன்னும் போகவில்லை என்பதால் கேட்டவர்களுக்கு முழுத் திருப்தி இல்லை.

குறிச்சொல் பெட்டியால் நடக்காதது மனுவாலும் கூட்டத்தாலும் நடந்தது. இணையம் இதில் உதவவில்லை என்று சொல்ல வரவில்லை. சொல்லைக் கண்டுபிடித்ததே திரையில்தான். ஆனால் அங்கே வாசகர்கள் தனித்தனியாகப் பெட்டியை நிரப்பவில்லை, அமைப்பாகச் சேர்ந்தார்கள். நூலகரும் அவர்கள் பக்கம் நின்றார். சரியான சொல்லை ஒருமுறை போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதையும் எமிலி டிராபின்ஸ்கி 2013இல் எழுதிய கட்டுரையில் விமர்சித்திருக்கிறார். இறுதியான சரி என்ற ஒன்றே அட்டவணையில் இருக்க முடியாது, அந்தச் சொல்லை வைத்து நூலகரும் வாசகரும் நடத்தும் விவாதம்தான் முக்கியம் என்பது அவர் வாதம். எனக்கும் உடன்பாடு. ஆனால் விவாதத்துக்கு முதலில் இரண்டு பேர் வேண்டும்.

*

நம் கல்லூரிகளுக்கு வருவோம். தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் இன்று ஓடுவது கோஹா என்கிற இலவச மென்பொருள். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிறு வட்டாரத்து நூலகத்துக்காக 1999இல் எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. அதன் அமைப்புப் பக்கத்தில் வாசகர் குறிச்சொல்லுக்கு ஒரு சுவிட்ச், கருத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. வாசிப்பு வரலாற்றை வைத்திருப்பதா அழிப்பதா என்று வாசகரே முடிவுசெய்யும் வசதிகூட இருக்கிறது. பேச்சு, மறதி இரண்டுக்குமே அந்த நியூசிலாந்துக்காரர்களும் பின்னால் வந்தவர்களும் வழி வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்த கல்லூரிகளில் இந்தச் சுவிட்சுகள் மூடியே இருந்தன. தேசியத் தரமதிப்பீட்டுக் குழு 2017இல் மாற்றியமைத்த படிவத்தில், நூலக மென்பொருளின் பெயர், முழுத் தானியக்கமா பகுதியா, எந்தப் பதிப்பு, எந்த வருடம் என்று கேட்டார்கள். தினம் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்றும் கேட்டார்கள். வந்தவர் எதையாவது சொல்ல முடிந்ததா என்ற கேள்வி இல்லை. கேட்காத கேள்விக்கு மார்க் கிடையாது, மார்க் இல்லாததைக் கல்லூரி ஏன் செய்யப் போகிறது?

தமிழ் நூல்களின் நிலைமை இன்னும் மோசம். நான் பார்த்த அட்டவணைகள் சிலவற்றில் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில்தான் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ‘வாழ்க்கை’யை எத்தனை விதமாக ரோமனில் எழுதலாமோ அத்தனை விதமாகவும் இருக்கிறது. ழகரத்துக்கு ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவில்லை. நூல் ரேக்கில் இருக்கும், அட்டவணையில் இருக்காது.

வாசகர் எழுதிய அட்டவணை தமிழில் இல்லாமலில்லை. அது கல்லூரிக்கு வெளியே இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 2005இல் ஈழத் தமிழ் ஆர்வலர்கள் சிலர் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். விக்கிப்பீடியா இயங்கும் அதே விக்கி மென்பொருளில், தன்னார்வலர்கள் ஒளிவருடி, தாங்களே பக்கம் திறந்து விவரம் எழுதினார்கள். அங்கே பாடசாலை மலர்கள் இருக்கின்றன. ஒருவர் இறந்தபின் குடும்பத்தார் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர்கள் இருக்கின்றன. நின்றுபோன சிறுபத்திரிகைகள் இதழ் இதழாக இருக்கின்றன. டூயியிடமோ ரங்கநாதனிடமோ கேட்டால் நினைவு மலரை எங்கே வைப்பார்கள்? வைக்கவே மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கல்லூரி நூலகம் குப்பை என்று எடைக்குப் போடும் சாமான் அது. அந்த ஜனங்களுக்கு, ஊரும் உறவும் எரிந்தபின், அதுதான் வரலாற்று ஆவணம். ஆகவே அதற்கென்று ஒரு வகை உண்டாயிற்று.

இதையெல்லாம் தெரிந்த கல்லூரி நூலகர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரர், தானே கோஹாவை நிறுவிக்கொண்டவர். கருத்துச் சுவிட்சைத் திறந்தால் என்ன என்று கேட்டதற்கு, “பசங்க எதையாவது எழுதி வெச்சா மேனேஜ்மெண்டுக்கு யாரு சார் பதில் சொல்றது?” என்றார். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். தனியார் கல்லூரியில் நூலகரின் வேலை எந்த நூலில் தொங்குகிறது என்பது நமக்குத் தெரியும். சரி, கருத்தெல்லாம் வேண்டாம், ரோமனில் கிடக்கும் தலைப்புகளைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும் வேலையையாவது தமிழ்த்துறை மாணவர்கள் செய்யட்டுமே, ஒரு செமஸ்டரில் முடித்துவிடுவார்களே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“செய்யலாம் சார். ஆனா அதுக்குப் பாஸ்வேர்டு கொடுக்கணுமே” என்றார்.